கல்முனை–மட்டக்களப்பு தினசரி ஓட்டத்துக்குப் பழைய லீஃப் சரிவருமா?

கேள்வி: கல்முனையில் வீடு, மட்டக்களப்பில் வேலை. போய்வர ஏறத்தாழ 80 கிலோமீற்றர். 2014 நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 24 கிலோவாட் மணி பற்றரி, பற்றரியின் கொள்ளளவைக் காட்டும் மீற்றரில் 12 கோட்டில் 9 மிச்சம். ஒரு சார்ஜுக்கு 200 கிலோமீற்றர் ஓடும் என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: வேலையிடத்தில் சார்ஜ் போட வழி இல்லையென்றால் வாங்காதீர்கள்.

அந்த 200 ஜப்பான் கற்றலொக்கில் இருந்து வந்த கணக்கு. அங்கே பழைய ஜேசி08 சோதனையின்படி 228 என்று போட்டு விற்றார்கள். அதே தலைமுறை லீஃபுக்கு அமெரிக்கச் சோதனை கொடுத்தது சுமார் 135 தான், அதுவும் புதுப் பற்றரிக்கு. முதல் கோடு அணையும்போதே கொள்ளளவில் 15 சதவீதம் போயிருக்கும். பிறகு ஒவ்வொரு கோட்டுக்கும் ஆறு சதவீதத்துக்குச் சற்றுக் கூட. 9 கோடு என்றால் மிச்சம் 66 முதல் 72 சதவீதம். ஓட்டம் 90 சொச்சம். ஏசி போட்டு, நாலு பேரை ஏற்றி, எதிர்காற்றில் ஓடினால் வீடு வரும்போது பற்றரி காலி.

பற்றரி இப்படித் தேய வடிவமைப்பே முக்கிய காரணம். லீஃபின் பற்றரிக்குத் திரவக் குளிர்ப்பு கிடையாது, காற்றாடியும் கிடையாது. மூடிய பெட்டிக்குள் சூடு தானாக ஆற வேண்டும். விலையைக் குறைக்க எடுத்த முடிவு இது, நம் வெயிலுக்குக் கொஞ்சமும் ஒத்துவராது. பின்னால் வந்த 40 கிலோவாட் மணி லீஃபிலும் இதே குறைதான், ஆனால் பற்றரி பெரிதென்பதால் உங்கள் தூரத்துக்குத் தாங்கும். எதை வாங்கினாலும் ஓடி வந்த சூட்டோடு சார்ஜ் போடாமல் இரவில் போடுங்கள்.

கோடுகளை மட்டும் நம்பாதீர்கள். காரின் பற்றரிக் கணினியில் உள்ள பதிவை அழித்து 12 கோடும் காட்ட வைக்கலாம். ஓட ஓட மறுபடி விழும். முழுச் சார்ஜில் மட்டக்களப்புவரை 40 கிலோமீற்றர் ஓட்டிப் பாருங்கள். ஒரு கிலோவாட் மணி மின்சாரத்துக்கு 7 கிலோமீற்றர் என்று மீற்றர் காட்டினால் செலவு 5.7 கிலோவாட் மணி. அதற்குச் சார்ஜ் 40 சதவீதம் இறங்கியிருந்தால் பற்றரியில் இருப்பது 14 மட்டுமே; புதிதில் பயன்படுத்தக் கிடைத்தது 21 அளவில். காரின் கணினியோடு இணைக்கும் ஓபிடி கருவியும், பற்றரி விவரத்தைப் போனில் காட்டும் லீஃப்ஸ்பை செயலியும் கிடைத்தால், சார்ஜ் 20 சதவீதத்துக்கு இறங்கியபின் 96 செல் சோடிகளையும் பாருங்கள். ஒன்றிரண்டு மட்டும் மற்றவற்றைவிட 100 மில்லிவோல்ட் தாழ்ந்து நின்றால் அந்த செல்கள் இருக்கும் மொடியூல் (பற்றரிக்குள் உள்ள சிறு பெட்டி) பழுது. அதை மட்டும் மாற்றலாம். எல்லாம் ஒன்றாகத் தேய்ந்திருந்தால் ஒன்றிரண்டை மாற்றியும் பயனில்லை.

வீட்டு வயரிங்கில் பலர் கோட்டை விடுகிறார்கள். 3 கிலோவாட் சார்ஜர் மணிக்கணக்காக 13 அம்பியர் இழுக்கும். சாதாரண 13 அம்பியர் ப்ளக் சூடேறி உருகக்கூடும். எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம். வீட்டு பிரேக்கர்கள் இருக்கும் டிபி போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீற்றர் வயரில் தனி லைன், 20 அம்பியர் பிரேக்கர், 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் போடச் சொல்லுங்கள். கரையோர மணல் காய்ந்தால் எர்த் சரியாகப் பிடிக்காது, ஆகவே வயர்மன் எர்த்தைக் கருவி வைத்து அளந்து காட்டிய பிறகே லைனைப் பாவியுங்கள்.