வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ராக் இசை, மலையேற்றம் எல்லாம் எப்படி முடிகிறது?

கேள்வி கேட்டவர் தாம்பரத்திலிருந்து தினமும் மின்சார ரயிலில் கடற்கரை வரை வேலைக்குப் போகிறவர். ராக் இசையும் மலையேற்றமும் உயிர் என்கிறார். ஆனால் கிடைக்கிற ஒரே ஞாயிறும் துணி துவைக்கவும் கடைக்குப் போகவும் சரியாகிவிடுகிறதாம். இதையெல்லாம் தினசரி வாழ்க்கையில் ரசிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

முடியும். எனக்கு வயது 43. கோவையில் பம்ப்செட் உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையில், தகட்டை மெஷினால் அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசர். வாரம் ஆறு நாள் வேலை. வீட்டில் மனைவி, ஏழாவது படிக்கும் மகள், அம்மா. இதற்குள்தான் இரண்டையும் வைத்திருக்கிறேன்.

முதலில் இசை. வடவள்ளியிலிருந்து பீளமேடு வரை டவுன் பஸ், காலை நெரிசலில் முக்கால் மணி நேரம். எழுபதுகளில் வந்த ராக் ஆல்பங்கள் பெரும்பாலும் நாற்பது நிமிடத்தை ஒட்டித்தான் இருக்கும். அன்றைய எல்.பி. இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது, இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல் ஏற்றினால் ஒலி மெலிந்துவிடும். அதனால் அந்த அளவுக்குள் அடக்கினார்கள். எனக்கு அது பஸ் பயணத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஆகிவிட்டது. ஏறும்போது முதல் பாட்டு, இறங்கும்போது கடைசிப் பாட்டு. நடுவில் எதையும் தாண்டுவதில்லை. ஒரு வாரம் முழுக்க ஒரே ஆல்பம். திங்கள்கிழமை பாட்டாகக் கேட்பது, வியாழக்கிழமை ஆகும்போது டிரம்ஸ் தனி, பேஸ் கிட்டார் தனி என்று பிரிந்து கேட்கும். அந்த வியாழக்கிழமைக்காகத்தான் வாரமே நகர்கிறது என்றுகூடச் சொல்வேன்.

அதிலும் பிளாக் சாபத் என்கிற ராக் குழு எனக்கு ரொம்ப நெருக்கம். அவர்கள் ஊர் பர்மிங்காம். கோவை மாதிரியே இரும்பும் பட்டறையுமான ஊர். கிட்டார் வாசிக்கும் டோனி அயோமி பதினேழு வயதில் தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் இருந்தார். வேலையை விட்டு நிற்கப்போகும் கடைசி நாளில், வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை இயந்திரம் எடுத்துவிட்டது. அவர் இடதுகைக்காரர், ஆக தந்தியை அழுத்தும் கையே போயிற்று. உடைந்து கிடந்தவருக்கு ஃபேக்டரி மேனேஜர் ஒரு இசைத்தட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறார். தீ விபத்துக்குப் பிறகு இரண்டே விரல்களால் தனி வாசிப்பு வாசித்த ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் தட்டு அது. அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்தார், அதன்மேல் தோல் ஒட்டினார், மெல்லிய தந்திகளைத் தேடிப் பிடித்தார். பிறகு 1971 வாக்கில் தந்திகளைத் தளர்த்தி, சுருதியை இறக்கி வாசிக்க ஆரம்பித்தார். ஹெவி மெட்டல் என்கிற ராக் வகையின் அந்தக் கனத்த ஒலியில் இந்தக் காயத்துக்கும் பங்கு உண்டு.

எங்கள் பிரஸ் மெஷின்களில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். ஒரு கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காக. வேகமாக வேலை முடியட்டும் என்று ஒரு பட்டனைக் கட்டிவைக்கும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களை உட்காரவைத்து இந்தக் கதையைத்தான் சொல்வேன். திட்டுவதைவிட இது வேலை செய்கிறது.

2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமில் பிளாக் சாபத்தின் நால்வரும் கடைசியாக ஒன்றாக வாசித்தார்கள். அதே மாதம் 22ஆம் தேதி பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் இறந்துபோனார். சேதி தெரிந்த மறுநாள் பஸ்ஸில் அவர்களுடைய முதல் ஆல்பத்தைப் போட்டேன். 1969இல் ஒரே நாளில் பதிவு செய்தது. மழைச் சத்தமும் தூரத்து மணியோசையுமாகத் தொடங்கும். வெளியே தென்மேற்குச் சாரல், ஜன்னல் தகரத்தில் தண்ணீர் சொட்டுகிறது. எது காதில் கேட்கும் மழை, எது ஊர் மழை என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை.

அப்புறம் மலை. ஞாயிறு காலை மருதமலைப் படிதான் என் மலையேற்றம். வெளிச்சம் வந்ததும் ஏற ஆரம்பித்தால் எட்டு மணிக்குள் வீடு. துணி, காய்கறி எல்லாம் அதற்குப் பிறகு. இந்தப் பழக்கம் இருப்பதால்தான் வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளியங்கிரி ஏற முடிகிறது. பிப்ரவரியிலிருந்து மே வரை விடுவார்கள். ஏழு மலை. முதல் மலையின் கற்படியே ஆளை உட்காரவைத்துவிடும்.

முதல் தடவை புது ஷூ போட்டுக்கொண்டு போனேன். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் விரல் முன்னால் போய் இடித்து, கீழே வந்து பார்த்தால் இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்திருந்தது. பக்கத்தில் மூங்கில் தடியோடு உட்கார்ந்திருந்த பெரியவர், "ஏறறது மூச்சுங்க தம்பி, இறங்கறதுதானுங்க காலு" என்றார். இப்போது போவதற்கு முன்னால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுவேன். இறங்கத் தொடங்கும் முன் லேஸை அவிழ்த்து, கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுவேன். தடி கட்டாயம்.

மலையில் மட்டும் பாட்டு கேட்பதில்லை. இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. மருதமலை அடிவாரம் யானை நடமாடும் இடம். கிளை முறியும் சத்தம் காதில் விழ வேண்டும். அதே மாதிரி அனுமதி இல்லாத காட்டுப் பாதைக்குப் போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் 23 பேர் இறந்ததை மறக்கவே முடியாது. வனத்துறை 2024இல் 40 பாதைகளை முறையாகத் திறந்திருக்கிறது, வழிகாட்டி கூடவே வருவார். காசு கொஞ்சம் ஆகும், ஆனால் அப்படித்தான் போக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என் ஞாயிறு காலை சும்மா கிடைத்ததில்லை. அந்த நேரத்தில் அம்மாவுக்கு மருந்து கொடுத்து, காபி போட்டு, வீட்டைப் பார்த்துக்கொள்வது என் மனைவி. ரொம்ப நாள் நான் அதைக் கவனிக்கவே இல்லை. இப்போது சனிக்கிழமை மாலை அவளுடையது. பேட்மிண்டன் ஆடப் போகிறாள். அன்று ராத்திரி தோசை என் பொறுப்பு.

உங்களுக்கு ரயிலிலேயே ஒரு ஆல்பம் ஓடிவிடும். மலைக்கு பரங்கிமலை இருக்கிறதே, உங்கள் தடத்திலேயே. 300 அடி உயரம்தான். ஒரு ஞாயிறு விடியலில் அந்த ஸ்டேஷனில் இறங்கிப் படியேறிப் பாருங்கள். மேலே நின்றால் மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவது தெரியும். ஒன்பது மணிக்குள் வீடு திரும்பித் துணியை ஊறவைத்துவிடலாம்.