மூன்று நாள் வேலை – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பெரியப்பாவின் 1968 டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 கார் பதினெட்டு வருடமாக வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் நிற்கிறது. அவர் போன வருடம் காலமானார். பெரியம்மா சாவியை என்னிடம் கொடுத்து, "நீயே எடுத்துச் சரிபண்ணுப்பா" என்று சொல்லிவிட்டார். இன்ஜின் சுற்றுகிறது. ஆனால் அடித்தகடு முழுக்கத் துரு. கதவுக்குக் கீழே ஓடும் சில் பேனல் இரண்டும் விரலால் அழுத்தினாலே உள்ளே போகிறது. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வண்டிகளில் நிறைய வேலை பார்த்த டிங்கர் மேஸ்திரி ஒருவர் வந்து பார்த்தார். பாடியைத் தனியாகத் தூக்கி இறக்கிவிட்டு, சில் இரண்டையும் வெட்டிப் போட்டுப் புதுத் தகடு வைத்தால் மூன்று நாளில் முடியும் என்கிறார். ஃபைபரில் பாடி வார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள் நண்பர்கள். எனக்கு முடிவுசெய்ய முடியாதது நிறம்தான். பெரியப்பா ஓட்டியபோது சிவப்பு. அதற்கு முன்னால் பச்சை என்கிறார் பெரியம்மா. எதை அடிப்பது? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

(வாசகர் பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் பெரியம்மாவுக்கு என் வணக்கம். பதினெட்டு வருடம் எடைக்குப் போடாமல் காத்து வைத்திருக்கிறார். அவர் நம்பிக் கொடுத்த வண்டியை ஒரே வாரத்தில் கோணலாக்கிவிடாதீர்கள். அளவெடுக்காமல் பிரிக்கும் பழக்கத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். 'மூன்று நாள்' என்று உங்கள் கடிதத்தில் படித்ததும் தள்ளிப்போட முடியவில்லை. மேஸ்திரிக்கு இன்றே போன் போட்டு, கிரைண்டரைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அவர் உங்களை ஏமாற்றவில்லை. ஹெரால்டை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார், அவ்வளவுதான். ஹெரால்டு பிறந்த கதை தெரிந்தால் இது விளங்கும். ஹெரால்டையும் ஸ்பிட்ஃபயரையும் செய்த இங்கிலாந்துக் கம்பெனி ஸ்டாண்டர்ட் டிரையம்ப். அதற்குப் பாடி செய்துகொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வாங்கிக்கொண்டது. முழு பாடியையும் ஒரே இடத்தில் அடித்து வாங்க வழியில்லாமல் போனது. அதனால் கீழே தனிச் சேஸ் என்கிற இரும்புச் சட்டம், மேலே பல இடங்களில் அடித்த துண்டுகளை போல்ட் போட்டுச் சேர்த்த பாடி என்று 1959-ல் ஹெரால்டைக் கொண்டுவந்தார்கள். வடிவமைத்தவர் இத்தாலிக்காரரான மிக்கெலோட்டி. 1961 முதல் நம் சென்னையிலேயே அது ஸ்டாண்டர்ட் ஹெரால்டாக வந்தது. அதன் சேஸுக்கு இரண்டு பக்கமும் கதவுக்கு நேர்கீழே நீளமாக இரும்பு ஓடுகிறது. வெளியே தெரியும் சில், அந்த இரும்பை மறைக்கும் மூடி. கழற்றிப் போட்டாலும் வண்டி இம்மி அசையாது. ஹெரால்டுக்கு மூன்று நாள் என்றால் நானும் ஒப்புக்கொள்வேன்.

1962-ல் வந்த ஸ்பிட்ஃபயர் அதே சேஸ்தான். ஆனால் சக்கர இடைவெளியை 91.5 அங்குலத்திலிருந்து 83 அங்குலமாகக் குறைத்தார்கள். பக்கவாட்டு இரும்பு இரண்டையும் எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது நடுமுதுகெலும்பு மட்டும். பக்க இரும்பு பார்த்த வேலையைச் சில் பேனலிடம் கொடுத்துவிட்டார்கள். வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே பலத்தகடு என்று மூன்று தகடு சேர்ந்த பெட்டி அது. மேலே கூரையும் கிடையாது. முன்பாதி பாடியையும் பின்பாதி பாடியையும் பிடித்து நிறுத்துவது அந்தப் பெட்டிகள்தான். இன்னொன்றும் இருக்கிறது. பின்சக்கரம் முன்பின்னாக நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம், ஹெரால்டில் சேஸில் மாட்டியிருக்கும். ஸ்பிட்ஃபயரில் அது சீட்டுக்குப் பின்னால் பாடித் தகட்டில் மாட்டியிருக்கிறது. அந்த மூலை துருவேறி இளகினால் பின்சக்கரமே தன் இடத்தில் நிற்காது.

இப்போது மேஸ்திரி சொன்னபடி செய்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். பாடியைத் தூக்கி இரண்டு முனையிலும் முட்டு வைத்து, சில்லை வெட்டுகிறார். நடுப்பாகம் தொய்கிறது. கண்ணுக்குத் தெரியாது, ஐந்தாறு மில்லிமீட்டர்தான். கதவு இடைவெளி கீழே அகலும், மேலே நெருக்கும். அந்தத் தொய்வோடு புதுத் தகட்டை வைத்து வெல்ட் அடித்துவிட்டால் தொய்வு நிரந்தரமாகிவிடும். பிறகு கதவு மூடாது. மூடவில்லை என்று கதவின் விளிம்பைத் தேய்ப்பார்கள், கொண்டியை நகர்த்துவார்கள், மிச்சத்தைப் பட்டி பூசி நிரவுவார்கள். பெயின்ட் அடித்த அன்றைக்குப் பளபளப்பாக இருக்கும். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி முதல் பள்ளத்தில் இறங்கும்போது கதவோரத்தில் பட்டி வெடிக்கும். இதைச் செய்துவிட்டு "பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்" என்று சொல்பவர்கள் மேல் எனக்கு வரும் கோபத்தை எழுத்தில் அடக்க முடியவில்லை. வண்டி அப்படி இல்லை. அளக்காத கை அப்படி ஆக்கியது.

குடியாத்தத்தில் கைத்தறி பார்த்திருப்பீர்கள். பாவு, அதாவது நீளவாட்டில் ஓடும் நூல் தீர்ந்தால் பழைய இழையை விழுதிலிருந்தும் அச்சிலிருந்தும் உருவிப்போட மாட்டார்கள். பழைய இழையின் நுனியோடு புது இழையை ஒவ்வொன்றாகப் பிணைத்து, அதன் பின்னால் இழுப்பார்கள். பழசு கிழிந்த நூல்தான், ஆனால் எந்த இழை எந்தக் கண்ணில் போக வேண்டும் என்கிற வரிசை அதில் இருக்கிறது. உங்கள் துருப்பிடித்த சில்லும் அப்படித்தான். அது போனால் அளவும் போய்விடும்.

அதனால் வரிசையை மாற்றுங்கள். சில் வேலை முடியும்வரை பாடி சேஸ் மேல்தான் இருக்க வேண்டும். கதவு இரண்டும் மாட்டியிருக்க வேண்டும். சமதளமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்துங்கள். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலை வாங்கி, சேஸின் நாலு மூலையும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எடை சக்கரங்கள் மேல் இருப்பது நல்லது. ஸ்டாண்டு வைத்தால் முன்னால் சஸ்பென்ஷன் சேஸைப் பிடிக்கும் இடத்திலும், பின்னால் டிஃபரன்ஷியல் பக்கத்திலும் சேஸுக்கு அடியில் வையுங்கள். அடித்தகட்டில் எங்கும் ஜாக்கி முட்டக் கூடாது.

பிறகு தூக்குக்குண்டு. சேஸின் இடப்பக்கம் ஒரு போல்ட் துளை, வலப்பக்கம் அதன் ஜோடி. இப்படி முன்னும் பின்னும் நான்கைந்து ஜோடிகளிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, அது ஆடாமல் நின்றதும் தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். முன் இடப்புள்ளியிலிருந்து பின் வலப்புள்ளிக்கும், முன் வலப்புள்ளியிலிருந்து பின் இடப்புள்ளிக்கும் டேப் பிடித்து அளந்தால் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். 3 மி.மீ.க்குள் வித்தியாசம் என்றால் சேஸ் நேராக இருக்கிறது. அதற்கு மேல் போனால் வண்டி எங்கோ முட்டியிருக்கிறது. சேஸை நேராக்காமல் பாடியைத் தொடுவது வீண்.

சேஸ் நேராக இருந்தால் கதவுக்கு வாருங்கள். 4, 5, 6 மி.மீ. ட்ரில் பிட் மூன்றை எடுத்து, அதன் வழவழப்பான தண்டுப் பகுதியைக் கதவு இடுக்கில் மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் எந்தப் பிட் பிடிக்கிறது, எந்தப் பிட் வழுக்கிப் போகிறது என்பதை மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேலேயே எழுதுங்கள். கதவுக்கு ஆறு இடம் போதும். கீல் தேய்ந்து கதவு தொங்கினால் முதலில் கீலைச் சரிசெய்யுங்கள். இல்லையென்றால் இந்த அளவு பொய் சொல்லும். கதவுக்கு முன்னால் நிற்கும் முன்தூணின் மேல்முனையிலிருந்து கதவுக்குப் பின்னால் நிற்கும் பின்தூணின் மேல்முனைக்கும், வண்டிக்குள் குறுக்காக இடது பின்தூணிலிருந்து வலது முன்தூணுக்கும் அளந்து நோட்டில் எழுதுங்கள். போட்டோவும் எடுங்கள். ஆனால் போட்டோவை நம்பி அளக்காமல் விடாதீர்கள்.

அடுத்தது முட்டு. 25 மி.மீ. சதுரக் குழாய், 2 மி.மீ. கனம், 6 மீட்டர் நீளத்தில் இரண்டு வாங்குங்கள். சீட்டைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பக்கமும் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் நடுவே கதவின் இடுப்பு உயரத்தில் ஒன்று, மூலைக்கு மூலை சாய்வாக ஒன்று. தூணுக்குத் தூண் குறுக்கே முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. குழாய்கள் உட்பக்கமாக இருக்க வேண்டும். முட்டு இருக்கும்போதே கதவைத் திறந்து மூட முடியவில்லை என்றால் அந்த முட்டால் பாதிப் பயன்தான். தூணில் நேராக அடிக்காமல் சின்னத் தகட்டுத் துண்டு வைத்து டாக் (தற்காலிகமாகப் பிடிக்கும் புள்ளி வெல்ட்) அடித்தால் பிறகு தேய்த்தெடுப்பது சுலபம். முட்டு போட்டதும் ட்ரில் பிட்டை மறுபடி ஓட்டுங்கள். எழுதிய அளவே வந்தால்தான் வெட்டலாம்.

வெட்டுவதும் ஒரு பக்கம் மட்டும். அதை முழுதாக முடித்து, கதவு அளவு சரி என்று தெரிந்த பிறகே அடுத்த பக்கம். இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் திறந்து போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகும் மேஸ்திரி எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் வேண்டாம்.

வெல்டிங்குக்கு முன் பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தெருவுக்கு அப்பால் கொண்டுபோய் வையுங்கள். ஸ்பிட்ஃபயரில் அது சீட்டுக்குப் பின்னால், டிக்கிக்குள் இருக்கிறது. பொறி தெறிக்கும் தூரம். காலி டேங்க்தானே என்று விடாதீர்கள். நிறைந்த டேங்கைவிட ஆவி அடைந்த காலி டேங்க்தான் வெடிக்கும்.

புதுச் சில் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். கப்பல் கூலியும் வரியும் சேர்ந்து கையைக் கடிக்கும். பலத்தகடும் உள்தகடும் நேர் மடிப்புதான். பீரோ பட்டறையில் இருக்கும் பெண்டிங் மெஷினில் 18 கேஜ் சி.ஆர். தகட்டை, அதாவது 1.2 மி.மீ. தகட்டைக் கொடுத்தால் மடித்துக் கொடுப்பார்கள். வளைவுள்ள வெளித்தகட்டை மட்டும் வரவழைத்தால் செலவு மிச்சம்.

ராடு வெல்டிங் இந்த வேலைக்கு ஆகாது. தகடு உருகி ஓட்டை விழும், சூட்டில் நெளியும். வாயு பாய்ச்சி வயரை உருக்கி ஒட்டும் கோ2 வெல்டிங் மெஷினில் 0.6 அல்லது 0.8 மி.மீ. வயர். வெறும் கார்பன் டை ஆக்சைடைவிட ஆர்கான் கலந்த வாயு மெல்லிய தகட்டுக்கு நல்லது. ஃபேக்டரியில் ஸ்பாட் வெல்ட் அடித்துச் சேர்த்த விளிம்புகளில் 6 மி.மீ. துளை போட்டு, 30 மி.மீ.க்கு ஒன்றாகத் துளைக்குள் நிரப்பி அடிக்க வேண்டும். இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று, நடுவில் ஒன்று என்று மாறி மாறி அடித்தால் சூடு ஒரே இடத்தில் சேராது. ஐந்தாறு புள்ளிக்கு ஒருமுறை கதவை மூடிப் பாருங்கள். இன்னொரு விஷயம்: வேலூர் வெயிலில் கொட்டகைக்குள் வேலை செய்பவர் முதலில் செய்வது பெடஸ்டல் ஃபேனைப் பக்கத்தில் திருப்பி வைப்பது. அந்தக் காற்று வெல்டிங் வாயுவை அடித்துக்கொண்டு போய்விடும். வெல்ட் மேலே உப்பலாக, உள்ளே பஞ்சு போலத் துளைத் துளையாக நிற்கும். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் பிய்ந்து வரும். ஃபேன் வேலை செய்பவரின் முதுகுக்கு வேண்டுமானால் இருக்கட்டும், கைக்கு வேண்டாம். சித்திரையில் செய்யாமல் தை, மாசியில் செய்தால் இந்தத் தொல்லையே இல்லை.

இரண்டு சில்லும் முடிந்த பிறகு பாடியைக் கழற்றுங்கள். கதவு, பானெட், டிக்கி மூடி இல்லாமல் நாலு பேர் தூக்கிவிடலாம். முட்டுக் குழாய் அப்போதும் உள்ளேயே இருக்கட்டும். பாடிக்கும் சேஸுக்கும் நடுவே வைத்திருக்கும் பேக்கிங் துண்டுகளை எந்த போல்ட்டில் எத்தனை என்று எழுதித் தனித்தனிக் கவரில் போடுங்கள். கதவு இடைவெளியின் கடைசி ஒரு மில்லிமீட்டர் அந்தத் துண்டுகளில்தான் இருக்கிறது.

சேஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற சத்தம் மந்தமாகும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். இறங்கினால் வெட்டி 2 மி.மீ. தகடு வைக்க வேண்டும். மணல் பீய்ச்சுவது சேஸுக்குச் சரி. பானெட்டுக்கும் கதவுக்கும் கூடாது, தகடு நெளியும். சுத்தம் செய்த இரும்பை ஒரு ராத்திரிகூட வெறுமையாக விடாதீர்கள், ஐப்பசி மழையில் காலையில் மஞ்சள் பூத்து நிற்கும். அன்றைக்கே எபாக்ஸி ப்ரைமர். பட்டி அதற்கு மேல்தான், 2 மி.மீ.க்கு மிஞ்சாமல். பெயின்ட் காய்ந்த பிறகு சில் பெட்டிக்குள் மெழுகு ஸ்ப்ரே அடியுங்கள். அடியில் இருக்கும் தண்ணீர்த் துளையை அடைத்துவிடாதீர்கள்.

ஃபைபர் பாடி வேண்டவே வேண்டாம். 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கென்று 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் பதிவு விதிப்படி, சேஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாற்றப்படாமல் மூல வடிவத்தில் இருக்க வேண்டும். அந்தத் தகுதியை உங்கள் கையால் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

நிறம் கேட்டிருந்தீர்கள். கமிஷன் எண் தகட்டை, அதாவது ஃபேக்டரியில் வண்டிக்கான எண்ணைப் பொறித்து மாட்டிய தகட்டைத் துடைத்துப் பாருங்கள், பெயின்ட்டுக்கான குறியீட்டு எண் அதிலேயே இருக்கும். ஆர்.சி. புத்தகத்து எண்ணோடு ஒப்பிட்டுவிட்டு, ப்ரைமர் அடிக்குமுன் அந்தத் தகட்டைக் கழற்றிப் பெரியம்மாவிடம் கொடுத்து வையுங்கள். பெயின்ட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது. முதலில் குறுக்களவு இரண்டையும், கதவுக்கு ஆறு இடத்து அளவையும் எழுதி அனுப்புங்கள். வெட்டுவதற்கு முன் நானும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.