நியூமோகாக்கல் தடுப்பூசி: இரண்டாம் தவணை தள்ளிப்போனால்?

இரண்டாம் தவணை தள்ளிப்போனதால் தடுப்பூசியை முதலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டியதில்லை. உங்கள் 9 மாதக் குழந்தைக்கு இரண்டாம் தவணை பல மாதங்கள் தள்ளிப்போயிருந்தாலும், முன்பு போட்ட முதல் தவணை செல்லும், விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

தவணைகளுக்கு இடையே குறைந்தபட்ச இடைவெளி உண்டு (ஒரு வயதுக்குள் 4 வாரம்). அதற்கு மேல் தாமதமானால் முந்தைய ஊசி வீணாகும் என்று எண்ணியதே உங்கள் குழப்பத்துக்குக் காரணமாக இருக்கலாம். உண்மையில், முதல் ஊசி ஏற்படுத்திய நோயெதிர்ப்பு நினைவு அழிந்துவிடுவதில்லை. ஆனால் நிமோனியாவும் மூளை உறைக் காய்ச்சலும் கடுமையாகத் தாக்கும் வயதில் குழந்தை முழுப் பாதுகாப்பின்றி இருக்கிறது என்பதால், தயவுசெய்து இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.

அதற்குமுன் தடுப்பூசி அட்டையில் ஊசியின் பெயரைப் பாருங்கள். பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி) ஊசியை நியூமோகாக்கல் ஊசி என்று எண்ணிவிடுவோர் உண்டு. அது நியூமோகாக்கஸ் பாக்டீரியாவைத் தடுக்காது. மீதித் தவணைகள் எத்தனை என்பதை வயதைக் கொண்டு மருத்துவர் முடிவுசெய்வார்.

இலேசான சளி தடையல்ல. முந்தைய ஊசிக்குப்பின் மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்திருந்தால், மருத்துவரிடம் சொல்லாமல் போடக்கூடாது.