கிழமைக் கட்டுக்காசும் குவைத்துக்குப் போனவளும்

கேள்வி: அக்கா, இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துச் சீவிக்கிறேன். ஐந்து பேர் குழுவாக, ஆளுக்கு 50,000 ரூபாய் லோன் எடுத்தோம். கிழமைக்கு 1,250 வீதம் 52 கிழமை, வட்டி நூற்றுக்கு 30 என்றார்கள். ஒருத்தி குவைத்துக்குப் போய்விட்டாள், அவளுடைய காசையும் நாங்கள் நாலு பேர்தான் போட்டுக் கட்டுகிறோம். வேறொரு கொம்பனி லோன் தருகிறேன் என்கிறது, எடுத்து இதை அடைக்கலாமா? அரசாங்கம் கடனைத் தள்ளும், கட்டாமல் விடு என்றும் சொல்கிறார்கள்.
- வாசகி, திருக்கோவில்

பதில்: எடுக்காதீர்கள், தங்கச்சி. முதலில் அந்த 30ஐப் பார்ப்போம். 1,250ஐ 52 தரம் கட்டினால் 65,000, அதாவது வட்டி 15,000, கணக்குச் சரி போலத்தான் தெரியும். ஆனால் 50,000 ஒரு வருசம் முழுக்க உங்கள் கையில் இருந்ததா? 26 கிழமையிலேயே 32,500 திருப்பிக் கட்டிவிடுகிறீர்கள், வட்டியை மட்டும் முழுத் தொகைக்கும் வாங்குகிறார்கள். குறைந்து செல்லும் மீதிக்குப் பார்த்தால் அது வருசத்துக்கு 54 வீதமளவில் வரும். இனி யார் லோனோடு வந்தாலும் "மீதிக்கு வட்டி எவ்வளவு?" என்று கேளுங்கள், பதில் சொல்ல எத்தனை தரம் தொண்டையைச் செருமுகிறார் என்று பாருங்கள்.

தள்ளுபடிக் கதை சும்மா முளைத்ததல்ல. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் கட்டமுடியாமல் நின்ற, ஒரு இலட்சத்துக்கு மேற்படாத நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் கொடுத்தது. அது அந்த நேரத்துக் கடன்களுக்கு. அதை நம்பி இன்றைய கட்டுக்காசை நிறுத்தினால் மறுகா கதவைத் தட்டுவது உங்கள் வீட்டில்தான்.

பிணையில் கையெழுத்து வைத்திருந்தால் பொறுப்பு உண்டு, மறுக்க முடியாது. ஆனாலும் பத்திரத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள், தமிழில் இல்லாவிட்டால் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். குவைத்திலிருந்து அவள் வீட்டுக்குக் காசு வரும்தானே? நாலு பேரும் ஒன்றாகப் போய் அவள் தாயோடு பேசுங்கள், மாதம் 5,000 ரூபாய் அதிலிருந்து முதலில் எடுத்து வைக்கட்டும். வெட்கம் பார்த்தால் உங்கள் உலைதான் அணையும். வீட்டுக்கு வந்து ஏசினால் நிறுவனத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். அது மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனமென்றால் மத்திய வங்கியின் 1935 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

ஒரு கொப்பி வாங்கி மா, தேங்காய், விறகு, கடைக்காரர் "நாளைக்குத் தாறன்" என்ற காசு எல்லாம் எழுதுங்கள். கிழமை இலாபம் கட்டுக்காசுக்குக் காணாதென்றால், இன்னொரு லோனைவிட ஒரு சோடி தோட்டை அரச வங்கியில் அடைவு வைப்பது மேல். வட்டி வழமையாக இதைவிடக் குறைவு. மீட்கும் திகதியை அதே கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கேள்வி: சீட்டுக் காசு 2 இலட்சம் கிடைத்தது. வங்கியில் போட்டால், வங்கி விழுந்தால்?
- வாசகி, கிரான்

பதில்: அனுமதி பெற்ற வங்கியென்றால் ஒருவருக்கு 11 இலட்சம் வரை வைப்புக் காப்புறுதி உண்டு. பயப்படாமல் போடுங்கள், உங்கள் பெயரில்.