வாசகர் ஐயங்கள்: ‘ரிக்கற்’ சரியா, ‘டிக்கெட்’ சரியா?

கேள்வி: ஐயா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கும் என் மாமியார் ‘ரிக்கற்’, ‘ரீச்சர்’ என்றே எழுதுவார். கொழும்பில் பிறந்த என் மகள் சிரித்துக்கொண்டே அவற்றை ‘டிக்கெட்’, ‘டீச்சர்’ என்று திருத்துகிறாள். எது சரி? ஒலியியலார் இந்த ஒலியை எந்தக் குறியால் எழுதுகிறார்கள்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: மகள் சிரிப்பதற்கு முன் ‘பத்து’, ‘பற்று’, ‘பட்டு’ என்ற மூன்று சொற்களையும் மாமியாரை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும். முதற்சொல்லில் நாநுனி மேற்பல்லின் பின்புறத்தைத் தொடுகிறது. மூன்றாவதில் பின்னோக்கி வளைந்து அண்ணத்தில் முட்டுகிறது. ‘பற்று’ என்னும்போதோ வளையாமல், மேற்பல்லுக்குச் சற்றுப் பின்னே முரசு புடைத்திருக்கும் இடத்தில் அழுந்தி விடுபடுகிறது. ஆங்கிலத்தின் இருபதாவது எழுத்து பெரும்பாலும் ஒலிப்பதும் இதே இடத்தில்தான். (அந்த எழுத்தின் பெயரை நான் எழுதினால் ஏதேனும் ஒரு பக்கம் சாய்ந்தவனாகிவிடுவேன்.) ஆகவே அந்த ஒலிக்குத் தகாரமும் பொருந்தாது, டகாரமும் முழுமையாகப் பொருந்தாது, நம்மவர் றகர இரட்டையின் ஒலியை இன்னும் காத்துவருவதால், ‘கிலோமீற்றர்’, ‘லீற்றர்’ என்று எழுதுவது காதுக்கு உண்மையான எழுத்தே. தமிழ்நாட்டில் ‘பற்று’ என்பதை வாசிக்கும்போது இறுதியில் ஒரு ரகர அதிர்வு சேர்ந்துவிடுவதால், அவர்கள் டகாரத்தை நாடியதும் இயல்பே. சிங்களத்திலும் டகாரத்துக்கு இணையான எழுத்தே வழங்குவதால், கொழும்பில் வளரும் பிள்ளை ‘டிக்கெட்’ பக்கம் சாய்வதில் வியப்பில்லை.

றகரம் வல்லினத்தில் வைக்கப்பட்டிருப்பதே அதன் பழைய இயல்புக்குச் சான்று. தொல்காப்பியப் பிறப்பியல், றகர னகரங்கள் பிறக்கையில் நாநுனி மேலெழுந்து அண்ணத்தை ‘ஒற்றும்’ என்றும், ரகர ழகரங்களுக்கு அது அண்ணத்தை ‘வருடும்’ என்றும் பிரித்துக் கூறுகிறது. ஒற்றினால் காற்று அடைபடும், வருடினால் அடைபடாது.

ஆனால் சொல்முதலில் ரகரம் எழுதுவதை என்னால் அவ்வளவு எளிதாக ஆதரிக்க முடியவில்லை. ‘ரொறன்ரோ’ என்ற ஊர்ப்பெயரைப் பாருங்கள்: முதல் ரகரம் வல்லொலி, அடுத்துள்ள றகரம் ஆங்கில ரகர ஒலி, னகர மெய்க்குப் பின்வரும் ரகரம் மீண்டும் வல்லொலி. பழகியவர் தடுமாறாமல் வாசிப்பார். புதியவருக்கு வழியே இல்லை. ‘ற’, ‘ர’, ‘ட’ மூன்றையுமே சொல்முதலில் ஏற்காத பழைய இலக்கணத்திடமும் இதற்குத் தீர்வு கிடைக்காது. இடையில் ‘ற்ற’வும் முதலில் ‘ட’வும் எழுதுவதே என் தெரிவு, ‘ரீச்சர்’ என்று எழுதும் மாமியாரைத் திருத்த நான் முனையமாட்டேன்.

குறியீட்டுக்கு வருவோம். 1886இல் பாரிசில் தொடங்கிய அனைத்துலக ஒலியியல் கழகத்தின் நெடுங்கணக்கில், முரசில் ஒற்றும் இவ்வொலிக்கு அந்த இருபதாவது எழுத்தின் சிறிய வடிவமே எவ்வித ஒட்டுமின்றி வழங்குகிறது. அதன் அடியில் தலைகீழான பகரம் போன்ற சிறு குறியை இட்டால் நம் தகாரம். அடிக்கால் வலப்புறம் கீழ்நோக்கி வால்போல் நீண்டால் டகாரம். தனியே பார்த்தால் இவ்வொலி அரியதன்று. ஒரே மொழியில் மூன்றும் சொற்பொருளை வேறுபடுத்தி நிற்பதே அரிது. மலையாளத்திலும், நீலகிரியின் தோடா மொழியிலும், ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகள் பலவற்றிலும் அது உண்டு.

கேள்வி: சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் ஒட்டில்லாத அதே எழுத்து தகாரத்துக்கு நிற்கிறதே?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அவ்வகராதி பெயர்ப்பது எழுத்தை, ஒலியை அன்று. அங்கே டகாரத்துக்கு அடியில் புள்ளி. றகரத்துக்கோ உரோம ரகரத்தின் அடியில் கோடு, அது வல்லொலியாக ஒலித்தாலும் அதிர்ந்து ஒலித்தாலும் அதே கோடுதான். எனவே ‘அறை’யிலும் ‘பற்று’விலும் றகரம் ஒலிக்கும் வேறுபாட்டை அதில் தேட இயலாது.