ஆய்வகத் தோலுக்குச் சுருக்கம் விழுமா?

பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு 58 வயது. முப்பது ஆண்டுகளாக நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்வருபவர். ‘ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோலில் சோதிக்கப்பட்டது, சுருக்கத்தைக் குறைக்கும்’ என்று அட்டையில் அச்சிட்ட 1,400 ரூபாய் கிரீமை அம்மாவுக்கு வாங்கலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம் என்பதே என் கருத்து. அட்டையில் இருப்பது பொய் என்று நான் சொல்லவில்லை; அந்தச் சோதனை எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதை அறிந்தால் காரணம் விளங்கும்.

ஆய்வகத் தோலை உருவாக்க, அறுவை சிகிச்சையில் நீக்கப்பட்ட தோலிலிருந்தோ, பல நேரங்களில் பச்சிளம் ஆண்குழந்தைகளின் நுனித்தோலிலிருந்தோ செல்களைப் பிரித்தெடுத்து, தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனின் கூழில், அதைச் சுரக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைக் கலந்து உட்தோலாக உறையவைத்து, அதன்மேல், மேல்தோலை உருவாக்கும் கெரட்டினோசைட் செல்களை விதைக்கிறார்கள். சில நாள் கழித்து மேற்பரப்பைக் காற்றுக்குத் திறந்துவிட்டு, ஊட்டத் திரவத்தை அடியிலிருந்து மட்டும் கொடுத்தால், ஏறத்தாழ இரண்டு வாரங்களில் செல்கள் அடுக்கடுக்காக எழும்பி, உச்சியில் இறந்த செல்களாலான மெல்லிய படலம் உண்டாகும். அதன் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர் அளவுதான்.

ஒரு கிரீம் தோலை அரிக்குமா, எரிச்சல் தருமா என்று அறிய இது நம்பகமான முறை. இந்தியாவில் 2014 முதல் அழகுப்பொருள்களை விலங்குகளில் சோதிக்கத் தடை உள்ளது. விலங்குகளை வதைக்காமல் இதைச் செய்ய முடிவது பெரிய நன்மை. தோலின் முதுமையை ஆராயவும் இது உதவுகிறது. வெயிலில் உள்ள புற ஊதா ஏ கதிர் பட்டால் கொலாஜனை வெட்டும் நொதிகள் பெருகுவதையும், சர்க்கரை ஒட்டிய கொலாஜன் விறைத்துப்போவதையும் இதில் நேரடியாகப் பார்க்கலாம்.

ஆனால் அந்தத் துண்டுக்குச் சுருக்கம் விழாது. முகத்தை அசைக்கும் தசையோ, கொழுப்போ, இரத்தக்குழாயோ அதில் இல்லை. சில வாரங்களே உயிரோடிருக்கும். ஆகவே ஏதோ ஒரு நொதி குறைந்ததை அளந்துவிட்டுத்தான் ‘சுருக்கம் குறையும்’ என்று எழுதுகிறார்கள். தவிரவும், இயற்கைத் தோலைவிட இதன் தடுப்புத்திறன் குறைவு. இதற்குள் எளிதில் இறங்கும் பொருள் அம்மாவின் தோலுக்குள் இறங்கும் என்பது உறுதியில்லை. நிறமிச் செல்களைத் தனியே சேர்த்தாலொழிய இதில் அவை இரா. நம்மைப் போன்ற கருநிறத் தோலில் முதுமை பெரும்பாலும் சுருக்கத்துக்கு முன்பே கரும்புள்ளியாகவும் திட்டாகவும் தெரிகிறது.

அம்மாவின் பின்கழுத்தை, ரவிக்கை விளிம்புக்கு மேலும் கீழும் பாருங்கள். குனிந்து நடும்போது வெயில் நேராக விழும் மேல்பகுதி தடித்து, கட்டம் கட்டமாக வரிந்திருக்கும். கீழே மிருதுவாக இருக்கும். இரண்டுக்கும் வயது ஒன்றுதான்.

ஆகவே முதல் செலவு வெயில் மறைப்புக்கு இருக்கட்டும். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, கழுத்தையும் மூடும்படி தலைத்துண்டு, முகத்துக்கு எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு அளவு) 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போதும். வியர்க்கும் வேலையாதலால் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். மருந்தே வேண்டுமென்றால், மனிதர்களிடம் சோதித்துப் பயன் காணப்பட்ட டிரெட்டினோயின் என்ற வைட்டமின் ஏ வகைப் பூச்சு மருந்தைத் தோல் மருத்துவரிடம் கேட்டு இரவில் பூசலாம். பலன் தெரியப் பல மாதங்களாகும், தொடக்கத்தில் எரியும். கடைக்காரர் எடுத்துத் தரும் ஸ்டீராய்டு கலந்த முகக் கிரீம்களை மட்டும் தொடாதீர்கள். அவை தோலை இன்னும் மெலியவைக்கும்.

வெயில்படும் இடத்தில் ஆறாத புண்ணோ வளரும் முடிச்சோ இருந்தால், அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் அம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.