மங்கலான ரூமும் பென்சில் நம்பரும்

கேள்வி: ஓவியக் கல்லூரி கேலரில இந்த சீசன் முழுக்க அடுத்தடுத்து கண்காட்சி போட்டிருக்காங்க. வாட்டர்கலர் ரூம் மட்டும் ஏன் அவ்ளோ மங்கல்? பிரிண்ட் அடியில பென்சில்ல 3/10னு இருக்கே, மார்க்கா?

பதில்: மார்க் இல்லைங்க, ஒரே பிளேட்ல (அச்சுத் தகடு) எடுத்த 10 பிரதில இது 3-வதுன்னு அர்த்தம், பக்கத்துலயே ஆர்ட்டிஸ்ட் கையெழுத்தும் இருக்கும் பாருங்க. வெளிச்சம் பட்டா பேப்பர் மஞ்சளாகும், கலரும் வெளுத்துடும், போன கலர் திரும்ப வரவே வராது, அதான் மியூசியங்கள்ல கூட பேப்பர் படைப்புக்கு 50 லக்ஸ் (லக்ஸ்னா வெளிச்சத்த அளக்குற அலகு) அளவுல கம்மியாதான் லைட் வைப்பாங்க. உள்ள போனதும் ரெண்டு நிமிஷம் சும்மா நில்லுங்க, கண்ணு பழகினதும் படம் தெளிவா தெரியும். ஃபைனல் இயர் பசங்க கண்காட்சிய மட்டும் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க, வரைஞ்சவங்களே பக்கத்துல நின்னா தயங்காம கேளுங்க, அவங்களுக்கு அது ரொம்ப பெரிய விஷயம்.